சுத்துது, ஆனா புடிக்க மாட்டேங்குது

"சாவியக் குடுத்தா கதவத் தொறப்ப. எஞ்சினுக்குள்ள என்னா இருக்குன்னு ஒனக்கு எப்புடிம்மா தெரியும்?"

மலையகத்து ஹட்டனில் நான் பயிற்சிக்குப் போன கராஜின் பாஸ் முதல் நாள் என்னிடம் கேட்டது இது. எங்கள் பக்கத்தில் மேசன், தச்சர், மெக்கானிக் எல்லோரும் பாஸ்தான். அவர் கோபமாகக் கேட்கவில்லை, கேலியாகவும் கேட்கவில்லை. டீ குடிக்கிறாயா என்பதுபோல சாதாரணமாகக் கேட்டார். அதனால்தானோ என்னவோ, இன்னும் மறக்க முடியவில்லை.

இப்போது நுவரெலியாவில் ஒரு பெரிய சர்வீஸ் சென்டரில் வேலை பார்க்கிறேன். உடனே என்னைக் காருக்கு அடியில் கற்பனை செய்துகொள்ளாதீர்கள். இரண்டு வருடமாகக் கவுண்டருக்குப் பின்னால்தான் இருக்கிறேன். வருகிறவர்களுக்கு டோக்கன் எழுதுவேன், போன் எடுப்பேன். மேசையில் கை கழுவும் திரவம் ஒன்று வைத்திருக்கிறார்கள், எலுமிச்சை வாசனை. என் விரல்களில் ஒட்டியிருக்கும் ஒரே வாசனை இப்போது அதுதான்.

போன திங்கட்கிழமை கந்தப்பளையிலிருந்து ஒருவர் போன் பண்ணினார். "மிஸ், சுத்துது, ஆனா புடிக்க மாட்டேங்குது. நீங்களே கேளுங்களேன்" என்று சொல்லி, போனை எஞ்சின் பக்கம் பிடித்து, யாரையோ சாவியைத் திருகச் சொன்னார். சீரான சத்தம். இழுவை இல்லை, இடையில் தொய்வு இல்லை. பெட்டரி நல்லது, எஞ்சின் நன்றாகத்தான் சுற்றுகிறது, ஆனால் பற்றவில்லை. கையில் எலுமிச்சை வாசனை, காதில் அந்தச் சத்தம். இரண்டும் சேர்ந்து என்னை ஹட்டனுக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டன.

அப்போது எனக்குப் பயிற்சியின் கடைசி வாரம். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போய்ப் பாஸ் பண்ணிய முதல் ஆள் நான். அம்மா தேயிலைக் கொழுந்து பறிப்பவர், அப்பா தொழிற்சாலையில் இலை அரைக்கும் இயந்திரத்தில் நிற்பவர். உயர்தரம் முடித்துவிட்டு மோட்டார் பயிற்சிக்குப் போகிறேன் என்றதும் நாங்கள் இருந்த தோட்டத்து வரிசை வீடுகள், அந்த லயமே சிரித்தது. ஆறு மாதம் கராஜில் வேலை செய்து, பயிற்சிப் புத்தகத்தில் ஒவ்வொரு பக்கமும் பாஸிடம் கையெழுத்து வாங்க வேண்டும். எல்லாப் பக்கமும் நிரம்பிவிட்டது. ஒன்று மட்டும் வெறுமையாக இருந்தது: 'பழுது கண்டறிதல்.' அது இல்லாமல் இறுதிப் பரீட்சைக்கு உட்கார முடியாது. பாஸோ, "நீ லைட்டுத்தானே புடிச்ச? லைட்டு புடிச்சாள்னு எழுதவா?" என்பார். பொய்க் கையெழுத்துப் போடாத மனிதர். அதுதான் எனக்கு வந்த வினை.

அந்த வாரம்தான் தனலெச்சுமி அக்காவின் கார் வந்தது. நோர்வூட் பக்கத்துத் தோட்டம். குவைத்தில் ஒன்பது வருடம் வீட்டு வேலை செய்துவிட்டு வந்து, ஏற்கெனவே யாரோ பாவித்த ஜப்பான் கார் ஒன்று வாங்கியிருந்தார், வாடகைக்கு ஓடவிட. வாங்கிய வெள்ளிக்கிழமையே தொழிற்சாலைப் பக்கம் இருக்கும் ரோதமுனிக்குப் பூசை போட்டார்கள். ரோதமுனி என்றால் இயந்திரங்களைக் காக்கிற சாமி. பெரிய ரோதைச் சக்கரம் சுற்றுகிற இடத்தில் கைகால் போகாமல் பார்த்துக்கொள்வார். அவருக்குச் சுருட்டு வைக்காமல் எங்கள் அப்பா ஒரு புது பெல்ட்டைக்கூட மாட்டியதில்லை. கார் வந்தால் விடுவார்களா? பொனட்டில், ஸ்டீயரிங்கில், டேஷ்போர்டில் எல்லாம் சந்தனப் பொட்டு. நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம். பூசாரி சாவியை வாங்கி மந்திரித்துக் கொடுத்தார். அக்காவின் தம்பி ஏறி உட்கார்ந்து திருகினான்.

சுற்றியது. பிடிக்கவில்லை.

எலுமிச்சம்பழம் நசுங்கவே இல்லை. கூடியிருந்தவர்கள் பழத்தைப் பார்த்தார்கள், பிறகு அக்காவைப் பார்த்தார்கள். "முனிக்கு இந்த வண்டி புடிக்கலடி" என்று மாமியார் சொல்லிவிட்டார். கொழுந்து ஏற்றும் லொறியில் கட்டி இழுத்துக்கொண்டு ஹட்டனுக்கு வந்தார்கள்.

பாஸ் இரண்டு நாள் பார்த்தார். ப்ளக்கைக் கழற்றித் தகரத்தில் ஒட்டிப் பிடித்தார், பொறி வரவில்லை. பொறி தரும் கொயிலை மாற்றினார். பின் சீட்டுக்கு அடியில் காதை வைத்தார், பெற்றோல் பம்பின் முனகல் இல்லை. பம்பையும் கழற்றி நேராக பெட்டரியில் கொடுத்துப் பார்த்தார், அது ஜம்மென்று ஓடியது. நான் லைட் பிடித்தேன்.

"பாஸ், ஸ்பார்க்கும் வரல, பம்பும் ஓடல. ரெண்டும் ஒரே நாள்ல சாகுமா?"

"ஏன், மனுசனுக்கு சுகரும் பிரசரும் ஒண்ணா வர்றதில்லையா? லைட்ட நேரா புடி."

மூன்றாம் நாள் காலை, சாவியைத் திருகுவதற்கு என்னை ஏறி உட்காரச் சொன்னார். ஒரு ஸ்பானர் கூடக் கையில் கிடைக்காத எனக்கு டிரைவர் சீட்! அந்தச் சந்தோசத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தபோதுதான் பார்த்தேன். டேஷ்போர்டில் வைத்த சந்தனப் பொட்டு காய்ந்து வெடித்திருந்தது. வெடிப்புக்குள் சிவப்பாக ஏதோ மின்னி மின்னி அணைந்தது. நகத்தால் கொஞ்சம் சுரண்டினேன். சின்னதாக ஒரு சாவிப் படம்.

மூன்று நாளாகக் கார் எங்களிடம் சொல்லிக்கொண்டேதான் இருந்திருக்கிறது. நாங்கள் அதன் வாயில் பொட்டு வைத்திருந்தோம்.

கையிலிருந்த சாவியைப் பார்த்தேன். அதன் தலை தெரியவில்லை, சிவப்புத் துணி இறுகச் சுற்றியிருந்தது. நாங்கள் எல்லோரும் அந்தத் துணியை அவிழ்க்காமல் அப்படியே பிடித்துத்தான் திருகிக்கொண்டிருந்தோம். பகலில் அக்கா வந்தபோது கேட்டேன்.

"கடைசியா எப்ப ஓடுச்சிங்க அக்கா?"

"முனி கோயிலு வரைக்கும் ஓட்டிக்கிட்டுத்தானே வந்தோம்."

"அதுக்கப்புறம் வண்டியில என்னத்த மாத்துனீங்க?"

"ஒண்ணும் மாத்தல புள்ள. பூசாரி சாவிக்கு செப்புத் தகடு சுத்திக் கட்டுனாரு. வேறொண்ணுமில்ல."

பாஸ் ஸ்பானரைக் கீழே வைத்தார். நான் என்ன சொல்லப்போகிறேன் என்று அவருக்கு விளங்கிவிட்டது. "கை வச்சிடாத. முனி சமாச்சாரம்" என்றார்.

எனக்கு மட்டும் பயம் இல்லை என்று சொன்னால் நம்பாதீர்கள். உயர்தரம் படித்தவள், மின்சுற்றுப் படம் பார்த்துப் படிக்கத் தெரிந்தவள், அந்த நேரத்தில் என்னையறியாமல் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்திருந்தேன்.

"அக்கா, சாவித் தலைக்குள்ள ஒரு பொடிச் சில்லு இருக்கு. வண்டி மொதல்ல அதத்தான் பாக்கும். இது நம்ம சாவிதானான்னு தெரிஞ்சாத்தான் பெற்றோலும் விடும், நெருப்பும் விடும். தகடு மூடியிருக்கிறதால அதுக்குத் தெரியல."

அக்கா சாவியை வாங்கித் துணியைத் தடவிப் பார்த்தார். பிறகு மெதுவாக, "அப்ப முனி வேணாங்கலையா?" என்றார்.

"வண்டிதான் நீங்க யாருன்னு தெரியாம முழிக்குது."

"நீ அவுக்காத. எனக்காகக் கட்டுனது, நானே அவுக்குறேன்."

முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தார். தகட்டைக் கண்ணில் ஒற்றி முந்தானையில் முடிந்துகொண்டார். நான் வெறும் சாவியைப் போட்டுத் திருகினேன். மூன்று சுற்றுக்கூட இல்லை, பிடித்துக்கொண்டது. அக்கா கடைக்கு ஓடிப்போய் நான்கு எலுமிச்சம்பழம் வாங்கிவந்து சக்கரத்துக்கு அடியில் வைத்தார். கராஜ் வாசலில் நசுங்கியது. பெற்றோல் புகையும் எலுமிச்சையும் கலந்த அந்த வாசனை எந்தப் போத்தலிலும் வராது. தகடு பிறகு கார்க் கண்ணாடியில் தொங்கியது என்று கேள்விப்பட்டேன்.

"முனி எறங்கிட்டாரு" என்றார் பாஸ், கையைத் துடைத்தபடி. எனக்குச் சுருக்கென்றது. பழுதைக் கண்டுபிடித்த பெயர் முனிக்கா போய்ச் சேரப்போகிறது? பிறகு அவரே பயிற்சிப் புத்தகத்தைக் கொண்டுவரச் சொன்னார். அந்த வெறும் பக்கத்தை விரித்து என் முன்னால் வைத்தார்.

"என்னா நடந்திச்சுன்னு நீயே எழுது. நான் கையெழுத்துப் போடுறேன்."

எழுதினேன். அவர் கிரீஸ் விரலோடு கையெழுத்துப் போட்டார். அந்தக் கறை இன்னும் இருக்கிறது.

அந்தக் கராஜ் இப்போது இல்லை. அந்த இடத்தில் போன் கவர் விற்கிறார்கள். பாஸ் கட்டாருக்குப் போய்விட்டார். தனலெச்சுமி அக்கா காரை விற்றுவிட்டுத் திரும்பக் குவைத் போய்விட்டாராம். அந்தச் சீட்டில் என்னை உட்கார வைத்தவர்கள் யாரும் இந்த மலையில் இல்லை. எஞ்சினைப் பற்றி உனக்கு என்ன தெரியும் என்று கேட்கக்கூட இப்போது ஆள் இல்லை. கவுண்டரில் இருக்கிறவளிடம் யார் அதைக் கேட்பார்கள்?

கந்தப்பளைக்காரர் இன்னும் போனில் இருந்தார். டேஷ்போர்டில் சாவி லைட் மின்னுகிறதா என்று கேட்டேன், இல்லை என்றார். சாவியைப் பாதி திருகி, பின் சீட்டில் காதை வைக்கச் சொன்னேன். "ஒரு சத்தமும் இல்லீங்க மிஸ்." செருப்பைக் கழற்றி, சீட்டுக்கு அடியில் பெற்றோல் தாங்கியின் மேல் நாலு தட்டுத் தட்டச் சொன்னேன், மற்றவர் திருகட்டும் என்றேன். பிடித்துக்கொண்டது. போனுக்குள் இரண்டு பேர் கத்திச் சிரித்தார்கள். பம்பு சாகப்போகிறது, இந்த வாரமே மாற்றுங்கள் என்றேன்.

திரும்பினால் மெனேஜர் நின்றுகொண்டிருந்தார். "ஒங்க வேல டோக்கன் எழுதுறது, தங்கச்சி. போன்ல வைத்தியம் பாக்குறது இல்ல." அவரும் கோபமாகச் சொல்லவில்லை. கையைக் கழுவினேன்.

விலகல் கடிதத்தை மறுநாளே கொடுத்துவிட்டேன், மாத முடிவு வரைக்கும்தான் இனிக் கவுண்டர். கந்தப்பளைச் சந்திக்குக் கீழே, முன்பு மரக்கறி மூட்டை அடுக்கிய ஒரு தகரக் கொட்டகையை வாடகைக்கு எடுத்திருக்கிறேன். கரட் வாசனை இன்னும் போகவில்லை. இன்று எனக்கு லீவு. காலையில் கந்தப்பளைக்காரர் பம்பு மாற்றக் காரைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, டீ குடிக்கப் போயிருக்கிறார். பின் சீட்டைக் கழற்றி வெளியே சாய்த்து வைத்துவிட்டு, அதன் மேல் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.