திரையில் மண்ணுக்குள் நின்ற பிள்ளை

உங்கள் அறை ஏன் இவ்வளவு ஒடுக்கமாக இருக்கிறது என்று நீங்கள் இரண்டு பேரும் மாறி மாறிக் கேட்கிறீர்கள். ஒருத்தி கட்டிலை விட்டு இறங்கினால் மற்றவள் காலை மடக்க வேண்டியிருக்கிறது. "அளவு தெரியாம வரைஞ்சிட்டீங்களா அப்பா?" என்று போன கிழமை மூத்தவள் கேட்டாள். தெரிந்துதான் வரைந்தேன் மகளே. எப்படி என்று எழுதி வைக்கிறேன். வீடு வரையும் புரோகிராமை இப்போது நீங்களும் தொடத் தொடங்கிவிட்டீர்கள். அதில் நான் பட்ட சிக்கல்களும் இதற்குள்ளேயே வரும், பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை நிறுத்தியவன். தலவாக்கலை டவுனில் போட்டோகொப்பி கடையில் வேலை. காணித் துண்டு கிடைத்த தோட்டத்து ஆட்கள் வந்து, "வீடு எப்படி இருக்கும்னு ஒரு படம் போட்டுத் தாங்களேன்" என்று கேட்கக் கேட்க, முதலாளி அந்தப் புரோகிராமைக் கணினியில் ஏற்றித் தந்தார். வீடியோ பார்த்துத்தான் படித்தேன். முதல் தடவை பத்துக்குப் பன்னிரண்டு என்று ஓர் அடுப்படி போட்டேன். கொழுந்து நிறுக்கும் மடுவம் மாதிரி பெரிதாக ஒன்று திரையில் வந்து நின்றது. புரோகிராம் மீட்டரில் இருந்திருக்கிறது; நான் அடியில் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆகவே எதையும் வரைவதற்கு முன்னால் அளவு எதில் இருக்கிறது என்று பாருங்கள்.

அப்போது நாங்கள் நாலு பேரும் தோட்டத்து லயத்து வரிசையில், ஒரே அறையான ஒரு காம்பராவுக்குள் இருந்தோம். மழை வந்தால் பாயைச் சுருட்டிக்கொண்டு நனையாத மூலையைத் தேடுவோம். எங்களுக்கும் ஒரு துண்டுக் காணி கிடைத்தபோது உங்கள் அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "பொம்பளப் பிள்ளைங்க ரெண்டும் வளருதுங்க. அதுகளுக்குக் கதவு வச்ச ஒரு ரூம். மத்தது எப்படி இருந்தாலும் பரவாயில்ல." ஆவணியில் அத்திவாரக் கல் நடுவதற்கு நாளும் குறித்தாகிவிட்டது. அந்த அறைதான் எங்கள் எல்லோருடைய நினைப்பிலும் இருந்தது.

காணி லயத்துக்கு மேலே, தேயிலை முடியும் சரிவில். அதன் நடுவாக ஒரு பெரிய கான் போனது. மலையிலிருந்து இறங்கும் மழைத்தண்ணீர் முழுவதும் அந்தக் கானில்தான் ஓடும். ஒரு பிள்ளை உள்ளே இறங்கி நின்றால் நெஞ்சு வரை மறைந்துவிடும். அதன் கரையில் குங்குமம் பூசிய ஒரு கல் இருந்தது. கான் வெட்டும் ஆட்கள் மண்வெட்டி போடுவதற்கு முன்னால் அங்கே சூடம் கொளுத்துவார்கள்.

உங்கள் மாமாவும் நானும் தண்ணீர் நிரப்பிய மட்டக்குழாயைப் பிடித்து, காணி எங்கே உயரம், எங்கே பள்ளம் என்று அளந்தோம். வீட்டின் மூலைகள் வரும் இடங்களில் இடுப்பளவு மூங்கில் முளை அடித்தோம். கான் கரையை ஒட்டி உங்கள் அறை மூலைக்கு அடித்த முளையில் மட்டும், சின்னவளின் பழைய சிவப்புச் சட்டையிலிருந்து ஒரு துண்டைக் கிழித்து அம்மா கட்டிவிட்டாள். அந்த அளவுகளைப் புள்ளி புள்ளியாக நான் புரோகிராமில் போட்டு வைத்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சொந்தக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து சிரமதானம். "கான் நடுவுல போனா வீட்ட எங்க வைக்கிறது, தலையிலயா?" என்றார் மாமா. கல்லுச்சாமியை முறையாகத் தேங்காய் உடைத்து, சூடம் காட்டி, தூக்கிக்கொண்டு போய் வரப்பு ஓரத்தில் வைத்தார்கள். மேலே இருந்த மண்ணைச் சரித்துக் கானை மூடி, மிதித்து, சமமாக்கினார்கள். மாலையில் பார்த்தால் அங்கே ஒரு கான் இருந்தது என்று யாரும் சொல்ல முடியாது. எனக்கும் சந்தோஷம்தான்.

ஒரு போயா தினம், பௌர்ணமி விடுமுறை. கடை பூட்டு. முதலாளியிடம் சாவி வாங்கி, வீட்டைத் திரையில் காட்ட உங்களையும் அம்மாவையும் மாமாவையும் கூட்டிப் போனேன். கதவைப் பாதி இறக்கி வைத்திருந்தோம். அந்த இடைவெளியால் மூடுபனி காலடிக்கு வந்தது. புரோகிராமில் ஓர் ஆள் நடந்து போகிற மாதிரி வீட்டுக்குள் நுழையலாம். முன்வாசல் இஸ்தோப்பு, ஹோல், அடுப்படி என்று காட்டிக்கொண்டே போனேன்.

"அடுப்படிக்கு இவ்ளோ பெரிய ஜன்னலா? நான் சமைக்கிறதா, வெளிய வேடிக்க பாக்குறதா?" அம்மா சிரித்தாள்.

"நீ இப்ப மட்டும் என்ன செய்ற?" என்றார் மாமா.

"அண்ணே, ஒங்களுக்கு அங்க சோறு கெடையாது."

பிறகு உங்கள் அறைக் கதவைத் திறந்தேன். சிரிப்பு நின்றது.

அறைக்குத் தரை இல்லை. ஜன்னல் இருந்தது, கட்டில்கள் இருந்தன. கட்டில்களுக்கு நடுவே நீளமாக, கறுப்பாக, ஒரு குழி சுவரிலிருந்து சுவர் வரை போனது. உயரம் தெரிவதற்காக ஒரு பெண்பிள்ளை பொம்மையை அந்த அறையில் நிற்க வைத்திருந்தேன். புரோகிராமோடு வருகிற சிவப்புச் சட்டைப் பிள்ளை. அது குழிக்குள் நின்றது. நெஞ்சுக்கு மேலேதான் தெரிந்தது. எங்களைப் பார்த்தபடி நின்றது.

"அப்பா, அந்தப் பிள்ள ஏன் மண்ணுக்குள்ள நிக்குது?" சின்னவள்தான் கேட்டாள்.

அம்மா அவளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "என்னங்க இது? மூடுங்க அத."

"படம்தானே. பிழை ஒண்ணு. இப்ப சரி பண்ணிருவேன்" என்றேன்.

பிழை எங்கே என்று தேடினேன். இதை நன்றாகக் கவனியுங்கள்: நாலு சுவரும் ஒன்றோடொன்று முட்டினால்தான் புரோகிராம் அதை அறை என்று ஒத்துக்கொள்ளும். மயிரிழை இடைவெளி இருந்தாலும் தரை போடாது, கூரைத்தட்டும் போடாது. திரையைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி ஒவ்வொரு மூலையாகப் பார்த்தேன். பின்மூலையில் இரண்டு சுவரும் தொடாமல் நின்றன. இழுத்து முட்டவைத்தேன். உடனே தரை வந்தது. நல்ல பளபளப்பான சிவப்புத் தரை.

ஆனால் பிள்ளை ஏறி வரவில்லை. அந்தத் தரையிலிருந்து அதன் தலையும் தோளும் மட்டும் முளைத்து நின்றன.

"மாப்ள, அந்தச் சனியன அழிச்சுத் தொலைங்க" என்றார் மாமா. அவர் குரலில் வழக்கமான கேலி இல்லை.

நான் அழிக்கவில்லை, தூக்கித் தரைமேல் வைத்துவிட்டு மூடினேன். அடுத்த நாள் கடையில் திறந்தால் மறுபடியும் தலையும் தோளும். தூக்கி வைத்தேன். சேமித்தேன். அதற்கடுத்த நாளும் அப்படியே. வாடிக்கையாளர் ஒருவர் அடையாள அட்டை கொப்பி எடுக்க வந்து, என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டு, மிச்சக் காசைக்கூட வாங்காமல் போய்விட்டார்.

கொழுந்து எடுக்கப் போகும்போது அம்மா, "அந்தக் கல்ல எடுத்திருக்கக் கூடாதுங்க" என்றாள்.

எனக்குச் சாமியைப் பற்றிப் பேச அறிவு போதாது. புரோகிராமைப் பற்றி மட்டும் ஓரளவு தெரியும்: ஒரு பிழை திரும்பத் திரும்ப வந்தால் அதற்குக் காரணம் எங்கேயோ கீழே இருக்கிறது. மேலே எத்தனை தடவை சரி பண்ணினாலும் பலனில்லை. பார்க்கும் கண்ணின் உயரத்தை நாமே அதில் மாற்றலாம். அதை இறக்கிக்கொண்டே போனேன். தரையைத் தாண்டி மண்ணுக்கு அடியில் போனது.

அந்தக் காட்சியை நான் மறக்க மாட்டேன். மண்ணுக்குள் இருந்து அண்ணாந்து வீட்டைப் பார்க்கிறேன். சுற்றிலும் சாம்பல் நிறம். தலைக்கு மேலே உங்கள் கட்டில்களின் கால்கள். அவற்றுக்குக் கீழே, நான் இருந்த பக்கத்தில், அந்தக் குழி அப்படியே திறந்து கிடந்தது. அதன் அடியில் இரண்டு சின்னக் கால்கள் ஊன்றி நின்றன. பகல் வெளிச்சத்தில், பக்கத்தில் போட்டோகொப்பி மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது பார்த்தேன். அப்படியும் கதிரையைப் பின்னால் தள்ளினேன்.

அப்போதுதான் புரிந்தது. குழி வேறொன்றுமில்லை, கான்தான். கானை மூடுவதற்கு முன்னால் நாங்கள் அளந்த புள்ளிகள், கண்ணாடித் தாள் மாதிரி, ஒரு தனி அடுக்கில் இருந்தன. கண்ணுக்கு இடைஞ்சல் என்று நானே அந்த அடுக்கை மறைத்து வைத்திருந்தேன். மறைத்தால் புள்ளி திரையில் தெரியாது. ஆனால் இல்லாமல் போவதில்லை. ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் புரோகிராம் அந்தப் புள்ளிகளை வைத்து நிலத்தைத் தானாகத் திரும்பக் கட்டியிருக்கிறது. அந்தப் பிள்ளை நிலத்தில்தான் நிற்கும் என்று அதற்குச் சொல்லியிருந்ததால், நிலம் இறங்க அதுவும் இறங்கியிருக்கிறது.

புள்ளிகளைத் தெரிவு செய்து அழித்தால் போதும். நிலம் சமமாகிவிடும். அது பொய்யும் இல்லை. காணியில் கானை மூடிச் சமமாக்கித்தானே இருக்கிறோம்? அழிக்கிற விசையில் விரலை வைத்துவிட்டேன். பழைய அளவை அழிப்பதற்கு முன்னால் புதிய அளவை எடு என்று வீடியோவில் ஒருவர் சொன்னது ஞாபகம் வந்தது. எடுக்கவில்லையே என்று விரலை எடுத்தேன்.

ஆடி மழை இரண்டு கிழமையாக விடாமல் பெய்திருந்தது. மழை சற்று ஓய்ந்த ஒரு பகலில் மட்டக்குழாயோடு மாமாவைக் கூட்டிக்கொண்டு மேலே போனேன். கல் நட இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. காணியில் பனி நின்றது. அதுவும் எல்லா இடத்திலும் இல்லை. நடுவாக, ஒரு பட்டையாகத் தாழ்ந்து கிடந்தது. காற்று இல்லை. ஆனால் எங்கேயோ யாரோ முணுமுணுப்பது கேட்டது.

"ஆள் இருக்காங்களா மாப்ள?"

"யாரும் இல்ல மச்சான்."

"அப்ப பேசுறது யாரு?"

காலுக்கடியில் இருந்து வந்தது அந்தச் சத்தம்.

குழாயைப் பிடிக்கும் முன்பே முளைகளைப் பார்த்தேன். எல்லாம் நின்றன, உங்கள் அறை முளையைத் தவிர. பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள் என்று நினைத்துக் கிட்டப் போனேன். பிடுங்கவில்லை. இடுப்பளவு நின்ற முளை மண்ணுக்குள் இறங்கியிருந்தது. மேலே அந்தச் சிவப்புத் துணி மட்டும் தெரிந்தது, நனைந்து, மண்ணோடு ஒட்டி.

மாமா ஒரு கம்பை எடுத்துப் பக்கத்தில் குத்தினார். கம்பு கை வரைக்கும் தடையில்லாமல் இறங்கியது. உள்ளே தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. நாங்கள் போட்ட மண்ணை அடியில் இருந்து அரித்துக்கொண்டு, தன் பழைய வழியிலேயே போய்க்கொண்டிருந்தது.

மாமா கம்பை விட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்தார். "சாமிய நகத்துனோம். தண்ணியக் கேக்கவே இல்லயே மாப்ள" என்றார். பிறகு, "இதுக்கு மேல பிள்ளைங்களப் படுக்க வச்சிருப்போமே" என்றார்.

அன்று மாலை அம்மாவிடம் சொன்னேன். கானைத் திரும்ப வெட்ட வேண்டும். அப்படியென்றால் வீட்டை ஒரு பக்கமாக ஒதுக்க வேண்டும், காணி போதாது.

"பிள்ளைங்க ரூம எடுத்துறாதீங்க" என்றாள் உடனே.

"எடுக்கல. ஒடுக்கமாகும்."

"கதவு?"

"கதவு இருக்கும்."

"அப்ப சரி. வெட்டச் சொல்லுங்க. கல்லையும் அதே எடத்துல கொண்டாந்து வைக்கச் சொல்லுங்க."

வீடு கட்டும் மேசன் பாஸும் வந்து பார்த்து, கானிலிருந்து சுவர் எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்று காட்டித் தந்தார். நான் கடையில் கோப்பை வேறு பெயரில் சேமித்தேன் (பழையதன் மேல் ஒருபோதும் எழுதாதீர்கள்). புள்ளிகள் எதையும் அழிக்கவில்லை. மறைத்த அடுக்கையும் திறந்து வைத்துக்கொண்டு, சுவர்களையும், உள்ளே இருந்த கட்டில்களையும் பிள்ளையையும் கானை விட்டு நகர்த்தினேன். உங்கள் அறையிலிருந்துதான் அகலம் போனது. வேறு எங்கும் எடுக்க வழியில்லை. எல்லாம் முடிந்ததும் நிலத்தைத் திரும்பக் கட்டச் சொன்னேன். அந்தப் பிள்ளை மெதுவாக ஏறி வந்து தரையில் கால் ஊன்றி நின்றது. மூடித் திறந்தேன். அப்படியே நின்றது. அழித்துவிடவா என்று அம்மாவிடம் கேட்டேன். "அது பாட்டுக்கு நிக்கட்டும்" என்றாள். இன்றைக்கும் அந்தக் கோப்பில் உங்கள் இரண்டு கட்டில்களுக்கும் நடுவே அது நிற்கிறது.

மழைக் காலத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ பேசிக்கொண்டே போகிறார்கள் என்று சின்னவள் சொல்கிறாள். பயப்பட வேண்டாம், அது கான். கேட்கும் வரைக்கும் நல்லது. நல்ல மழை பெய்துகொண்டிருக்கும்போது அந்தப் பேச்சு நின்றுபோனால், கான் அடைத்துக்கொண்டது என்று அர்த்தம்; இரண்டு பேரும் எழும்பி வெளியே வாருங்கள். என்னையும் எழுப்புங்கள்.