தவளை கேசட்டுக்கு ஓர் அனுமதிக் கடிதம்

கல்லூரியில் பாடம் நடத்துகிறவர்கள் மாணவர்களைவிட மிஷின்களைக் கெஞ்சுகிற நேரம்தான் அதிகம். விலங்கியல் எடுக்கும் சக பாவிகளே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தவளையை அறுப்பதை நிறுத்திய பிறகு, எங்கள் திண்டுக்கல் கல்லூரியில் அதன் இதயத்தைக் காட்ட இருந்தது ஒரே ஒரு பழைய வீடியோ கேசட். இணையத்தில் ஆயிரம் படம் கிடக்கிறது, எல்லாம் இங்கிலீஷ். இதில் மட்டும்தான் ஒரு கணீர்க் குரல் தமிழில் விளக்கும். தமிழ் மீடியப் பிள்ளைகளுக்கு இதை விட்டால் வேறு கதியில்லை.

வெயில் வைத்தியம்

ஒருநாள் பீரோவைத் திறந்தால் கேசட்டுக்குள் வெள்ளையாகப் பூஞ்சை. ஆய்வக உதவியாளர் முனியாண்டி அண்ணனிடம், "இதை எப்படியாவது சரிபண்ணுங்கண்ணே" என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போனேன். வந்து பார்த்தால் மனுஷன் மொட்டைமாடியில். தாம்பாளத்தில் கேசட்டைக் காயவைத்து, காக்கா தூக்காமல் காவல் இருக்கிறார்! மூடி அப்பளமாய் நெளிந்திருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் கத்தித் தீர்த்துவிட்டேன்.

அவர் அசரவில்லை. பழைய ஆண்டுவிழா கேசட் ஒன்றின் திருகாணிகளைக் கழற்றி, அந்தக் கூட்டுக்குள் எங்கள் நாடாவை மாற்றிப் பூட்டினார். வகுப்பு டிவியில் படம் கோடு கோடாக ஓடியது. ஓடியதே பெரிசு. "எங்க வீட்டுல மொளகா வத்தல்ல பூஞ்சை புடிச்சா வெயில்லதான் மேடம் போடுவோம், இது மட்டும் என்ன பெரிய இதுவா?" என்றார்.

நூலகர் கேட்ட கேள்வி

கேசட் ஓட்டும் வி.சி.ஆர். இன்னும் நாலு தடவை ஓடினால் அதிகம் என்று மெக்கானிக் கைவிரித்துவிட்டார். கம்ப்யூட்டரில் ஏற்றிவிடலாம் என்று நூலகர் ஆரோக்கியம் சாரிடம் ஓடினேன். அதற்கான கருவி அவர் பொறுப்பில்தான் இருந்தது. அவரோ கேசட் அட்டையின் பின்பக்கத்தைத் திருப்பி, அனுமதியின்றி நகல் எடுக்கக்கூடாது என்ற வரியை விரலால் தொட்டுக் காட்டினார். "எல்லாரும் எடுக்கத்தானே சார் செய்றாங்க?" என்று முறைத்தேன். "வகுப்புல போட்டுக் காட்டுறது வேற, முழுசா நகல் எடுக்கிறது வேறம்மா. புள்ளைக காப்பியடிச்சா பேப்பரைப் புடுங்குறோம்ல, நமக்கு மட்டும் தனிச் சட்டமா?"

தக்காளிக் கடை

அட்டையில் இருந்த போன் நம்பர் செத்துப் பல வருஷம் ஆகியிருந்தது. முகவரியைத் தேடி ஒட்டன்சத்திரம் பஸ் ஏறினேன். ஸ்டுடியோ இருந்த இடத்தில் தக்காளிக் கமிஷன் கடை. போச்சுடா என்று நினைத்தபடி, கூடைகளுக்கு நடுவில் இருந்த முதலாளியை நெருங்கினேன். "சொல்லுங்க" என்றார். அந்த ஒரு வார்த்தையிலேயே ஆளைப் பிடித்துவிட்டேன். கேசட்டில் கேட்ட அதே குரல்!

கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்த காலத்தில், தன் கைக்காசில் அவரே எடுத்துப் பேசிய படமாம். கடை லெட்டர்பேடில், தக்காளிப் படத்துக்குக் கீழே, கல்லூரிக்கு ஒரு நகல் எடுக்க அனுமதி எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதை நீட்டியபடியே சொன்னார்: "ஏனுங்க, இத்தன வருசத்துல ஊரே காப்பி எடுத்துச்சுங்க, கேட்டு வந்தது நீங்க ஒருத்தருதானுங்க."

செல்வியின் பதில்

நகல் எடுத்த மறுநாள் பெரிய திரையில் தவளையின் இதயம் துடித்தது. எரியோட்டிலிருந்து வரும் செல்வி, வகுப்பில் வாயே திறக்காதவள், எழுந்து மூன்று அறைகளையும் ரத்தம் போகும் வழியையும் மடமடவென்று ஒப்பித்தாள். பூரித்துப்போய், வாசலில் நின்ற ஆரோக்கியம் சாரைப் பெருமையாகப் பார்த்தேன். "ஒரே தடவையில எப்படிம்மா புரிஞ்சுச்சு?" என்று கேட்டது என் தப்பு.

"ஒரே தடவையா? போன வாரம் டிவியில ஓட்டுனீங்கள்ல, அப்பவே செல்லுல புடிச்சுட்டேன் மேடம்! எல்லாருக்கும் அனுப்பி, வேடசந்தூர் பஸ்ஸுல தெனமும் பாத்துட்டுத்தான் வாரோம்."

ஆரோக்கியம் சார் இருமினார். நான் வெளியே வந்து ஒட்டன்சத்திரத்துக்குப் போன் போட்டு, நடந்ததை மறைக்காமல் சொன்னேன். அந்தப் பக்கம் அவர் குரல் ஒரு படி ஏறியது. "பஸ்ஸுல பாக்கறாங்களா? என்னோட குரலையாங்க? அப்ப அதுக்கும் ஒரு லெட்டர் எழுதி அனுப்பறனுங்க."

ஆக, சட்டப்படி நான் அலைந்து திரிந்து கொண்டுவந்த பாடத்தைப் பிள்ளைகள் யாரையும் கேட்காமலே படித்து முடித்துவிட்டார்கள், யாரை வைவது என்று தெரியாமல் நான் சந்தோஷப்பட்டுக்கொண்டிருக்கிறேன்.