ஐம்பத்தைந்து கிலோவுக்குள்

என் மனைவி லாவண்யா அம்பத்தூரில் நல்ல சம்பளத்தில் இருந்த கம்ப்யூட்டர் வேலையை விட்டாள். விளையாட்டுக்காரர்களின் உடம்பை வலுவாக்கும் பயிற்சியாளர் ஆகவேண்டுமாம். சொந்தக்காரர்கள் கேட்டால் ஏதோ ஜிம் என்று சொல்லித் தப்பித்துவிடுவேன். அது அவளுக்குப் பிடிக்காது. "ஜிம்முல வெயிட் தூக்குறது கண்ணாடியில பாத்துக்கறதுக்கு. நான் சொல்லிக் குடுக்கப்போறது ஆட்டத்துக்கு" என்று எரிந்து விழுவாள்.

கல்லூரியில் நானூறு மீட்டர் ஓடியவள். முப்பத்தொரு வயதில் எலும்பு, தசை, புரதம் என்று புத்தகம் புத்தகமாக உருப்போட்டாள். எழுத்துத் தேர்வில் இரண்டு முறை கோட்டை விட்டு, மூன்றாவது முறை தேறினாள். பாக்கி இருந்தது செய்முறைதான். ஏதாவது ஓர் அணியோடு பன்னிரண்டு வாரம் வேலை செய்ய வேண்டும். எங்கள் கொரட்டூரைச் சுற்றி அவள் ஏறி இறங்கிய கிரிக்கெட் அகாடமிகள் எல்லாம் "லேடீஸ் டிரெய்னரா?" என்று இழுத்தன. கடைசியில் முத்தாபுதுப்பேட்டையில் பெண்களுக்குக் கபடி சொல்லிக்கொடுக்கும் இருதயராஜ் மாஸ்டர்தான் சரி என்றார்.

அங்கே கிடைத்தவள் சபீனா. பதினைந்து வயது. எதிரணிப் பக்கம் கபடி பாடிப் போனால் யாரையாவது தொட்டுவிடுவாள். ஆனால் பிடித்துவிட்டால் உதறிக்கொண்டு வரக் காலில் பலம் இல்லை. லாவண்யா அவளை மூன்று மாதம் விடவில்லை. எடை தூக்கிப் பழகும் இரும்புக் கம்பி, தட்டு எதுவும் அங்கே கிடையாது. சிமென்ட் பையில் மணல் நிரப்பி, தோளில் ஏற்றி, உட்கார்ந்து எழ வைத்தாள். தினமும் காலையில் எங்கள் வீட்டுக் குக்கரில் சபீனாவுக்காக முட்டையும் கொண்டைக்கடலையும் வெந்தன. நான் பிரெட்டைத் தின்றுவிட்டு ஆபீஸ் போனேன். பத்தாவது வாரம் மூன்று பேர் சேர்ந்து அமுக்கியும், சபீனா அவர்களை இழுத்துக்கொண்டே வந்து நடுக்கோட்டைத் தொட்டாள். லாவண்யா எனக்குப் போன் செய்து அழுதாள். சந்தோஷத்தில்தான்.

மாவட்ட அணித் தேர்வுக்கு மூன்று நாள் இருக்கும்போது இருதயராஜ் எடை மெஷினைக் கொண்டுவந்தார். அவர் வழக்கம் அது. அதுவரை அவருக்கு எல்லாம் கண்மதிப்புதான். பதினாறு வயதுக்குட்பட்ட பெண்கள் ஐம்பத்தைந்து கிலோவைத் தாண்டினால் களத்தில் இறங்கவே முடியாது. சபீனா ஐம்பத்தாறரை.

"இன்னாம்மா பண்ணி வச்சிகீறே? அம்பத்திமூணுல இருந்த பொண்ணு!"

"ஏன் மாஸ்டர் முன்னாடியே சொல்லல?"

"கபடிக்கு வெயிட் கீதுன்னு தெரியாமயா டிரெய்னிங் குடுக்க வந்தே?"

லாவண்யாவுக்குத் தெரியாது. ஓட்டப்பந்தயத்தில் யாரும் எடை பார்ப்பதில்லை. அத்தனை புத்தகங்களைக் கரைத்துக் குடித்தவள் இந்த ஒன்றை யாரிடமும் கேட்கவில்லை. வாரம்தோறும் மருந்துக்கடை மெஷினில் சபீனாவின் எடையைப் பார்த்துக் குறித்து, ஏறுகிறது ஏறுகிறது என்று பூரித்தவளும் இவள்தான். எனக்கு இரண்டு பேர் மேலும் ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

அந்த மூன்று நாளும் இருதயராஜ் சபீனாவுக்கு மழைக்கோட்டை மாட்டி வெயிலில் ஓடவிட்டார். சாப்பாடு இல்லை, தண்ணீர் வாயை நனைக்க மட்டும். "மயங்கி விழுந்துடுவா, நிறுத்துங்க மாஸ்டர்" என்று லாவண்யா சண்டை போட்டாள்.

"நான் நிறுத்திக்கிறேன். நீ அவளாண்ட போய் சொல்லு."

போய்ச் சொன்னாள். சபீனா நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆவடியில் தேர்வு. நான்தான் காரில் கூட்டிப்போனேன். மெஷின் ஐம்பத்தைந்து கிலோ முந்நூறு கிராம் காட்டியது. சபீனா கம்மலைக் கழற்றி லாவண்யாவிடம் கொடுத்துவிட்டு மறுபடி ஏறினாள். அதே முந்நூறு. மேசைக்குப் பின்னால் இருந்தவர் அவள் பெயரை அடித்துவிட்டு அடுத்த பெண்ணைக் கூப்பிட்டார்.

லாவண்யா தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். சபீனா ஒரே மூச்சில் குடித்தாள். எனக்கு யாரையாவது பிடித்துக் கத்த வேண்டும் போலிருந்தது, யாரை என்றுதான் தெரியவில்லை. உள்ளே விசில் ஊதி ஆட்டத்தைத் தொடங்கினார்கள்.

"அக்கா, நீங்க வராம இருந்தா நான் இப்போ உள்ள ஆடிகினு இருப்பேன்ல?"

அதற்குச் சொல்ல எத்தனையோ சமாதானம் இருந்தது. அடுத்த வருஷம் பெரிய பிரிவு, அங்கே இந்தப் பலம் வீண்போகாது என்று ஆரம்பிக்கப் போனேன். லாவண்யா என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"ஆமா," என்றாள். "ஆடிகிட்டு இருப்ப."