சுண்ணாம்புக்கு அடியில் ஒரு பெயர்

நான் ஒரு அடிமுட்டாள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு என் மாமியார் சொல்லி உங்களுக்குத் தெரிவதைவிட இது கொஞ்சம் கௌரவம். அவருடைய அப்பாவின் கல்லறைக் கல்லுக்கு ஆறு வருடம் என் கையாலேயே சுண்ணாம்பு அடித்திருக்கிறேன். அந்த ஆறு வருடமும், "உள்ள கல்லறையே கிடையாது அத்தை, எனக்குத் தெரியாதா?" என்று அவரிடமே அளந்தும் விட்டிருக்கிறேன்.

ஸ்ரீரங்கத்து ராஜகோபுரம் இன்னும் மொட்டையாக நின்ற காலம். திருச்சிக்கு வெளியே ஒரு ராணுவ முகாமில் எனக்குச் சுண்ணாம்பு மேஸ்திரி வேலை. மரங்களுக்கு இடுப்புவரை வெள்ளை, பாதையோரக் கற்களுக்கு முழு வெள்ளை. ஒருமுறை நிழலில் தூங்கிப்போன எனக்கே என் ஆட்கள் முழங்கால்வரை அடித்துவிட்டார்கள்.

முகாம் வருவதற்கு முன் அது கல்லறைத் தோட்டம். வெள்ளைக்காரன் காலத்து யுத்தத்தில், இங்கே ஆஸ்பத்திரியில் இறந்த சிப்பாய்களைப் புதைத்த இடம். மாமியாரின் அப்பா அவர்களில் ஒருவர். அந்தக் கல்லை நட்டபோது மாமியாருக்கு எட்டு வயது. கல்லறைத் திருநாள்தோறும் ஜீயபுரத்திலிருந்து பஸ்ஸில் வந்து, முகாமின் மதிலோரம் மெழுகுவத்தி ஏற்றிவிட்டுப் போவார். உள்ளே விடச் சொல்லி மூன்று மனு கொடுத்தார். மூன்றுக்கும் ஒரே பதில்: அப்படி எதுவும் இங்கு இல்லை.

ஏழாவது வருட ஐப்பசி மழையில், சமையல்கூடத்துப் பாதையில் ஒரு கல்லின் சுண்ணாம்பு அப்பளமாக உரிந்து கிடந்தது. உள்ளே சிலுவை. சுரண்டினேன். மாமியாரின் அப்பா பெயர், பட்டாள நம்பரோடு. பக்கத்துக் கல்லைச் சுரண்டினேன். அதிலும் ஒரு பெயர். புதைத்தவர்கள் அணிவகுப்பு மைதானத்துக்குக் கீழே கிடக்க, பிடுங்கிய கற்களில் பெயர்கள் மட்டும் பாதைக்குக் கரை கட்டிக்கொண்டிருந்தன.

எங்கள் வேலையை மேற்பார்க்கும் சுபேதார் வந்துவிட்டார். "என்னய்யா, அடிக்கச் சொன்னா சுரண்டிட்டிருக்க?"

"பழசைச் சுரண்டாம புதுசு ஒட்டாதுங்க சார்."

"மூணாம் தேதி பெரிய அதிகாரி வராரு. அதுக்குள்ள முடிக்கணும்."

"அப்ப கூட ஒரு ஆள் வேணுங்க சார்."

"கூட்டிட்டு வா, போ."

அன்று சாயங்காலமே ஜீயபுரம் போனேன். மாமியாரிடம் எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன்.

"ஆறு வருஷமாவா?"

"ஆமாங்க அத்தை."

"நல்லா அழுத்தமாத்தான் அடிச்சிருக்கீங்க."

கூலி ஆளாக உள்ளே வரச் சொன்னதும்தான் கோபம் வந்தது. "எங்கப்பாவப் பாக்க நான் எதுக்கு மாப்பிள்ளை ஒளிஞ்சு வரணும்?"

"நேரா கேட்டு மூணு தடவை பாத்துட்டீங்களே அத்தை."

முந்தின நாள், கல்லறைத் திருநாளன்றே வந்தார். சுண்ணாம்பு வாளியில் மட்டைத் தூரிகைகள். அவற்றுக்குக் கீழே சத்திரம் பஸ் ஸ்டாண்டில் வாங்கிய செவ்வந்தி, மெழுகுவத்தி. வாசலில் காவல்காரன் வாளியைக் கிளறினான்.

"பூ எதுக்கும்மா?"

"கல்லுக்கு," என்றார் மாமியார், அவன் முகத்தைப் பார்த்தே. ஏதோ வேலை ஆரம்பிக்கிற பூஜை என்று நினைத்தானோ என்னவோ, சிரித்துவிட்டு வழிவிட்டான்.

பாதையைப் பார்த்ததும் மாமியார் நின்றுவிட்டார். அதற்குள் வரிசை முழுவதையும் நான் சுரண்டியிருந்தேன். ஒன்றுக்கும் புது வெள்ளை அடிக்கவில்லை, அடிப்பதாகவும் இல்லை. மறுநாள் வருகிற பெரிய அதிகாரி பெயர் பெயராகப் படித்துக்கொண்டே நடக்கட்டும். வேலை போனால் போகிறது. சுண்ணாம்பு அடிக்க ஊரில் வேறு சுவரா இல்லை?

மாமியார் அப்பாவின் கல்லைத் தண்ணீர் விட்டுக் கழுவி, முந்தானையால் துடைத்தார். பூ வைத்தார். இரண்டு தீக்குச்சியைக் காற்று தின்றது. என்னை இழுத்துக் காற்று வரும் பக்கம் நிறுத்திவிட்டு மூன்றாவதைக் கிழித்தார். மெழுகுவத்தி பிடித்துக்கொண்டது.

அதே நேரம் பாதையின் கோடியில் சுபேதாரின் சைக்கிள் திரும்பியது. என் வீரமெல்லாம் அதோடு சரி.

"அத்தை, சுபேதார் வராரு. அணைச்சிட்டு வாங்க, போயிடலாம்."

அவர் தலையே நிமிரவில்லை.

"நகராதீங்க மாப்பிள்ளை, காத்து அடிக்குது."