திராட்சைப் பந்தலில் கட்டிய நாடா

தலைநரைத்த போஸ்ட்-பங்க் ரொக் இசைக்குழு ஒன்று நீண்ட காலத்துக்குப் பிறகு வெளியிட்ட சீடியை அண்ணன் ஜெர்மனியின் எசன் நகரிலுள்ள எங்கள் வீட்டில் போட்டான். முதல் பாட்டின் ரீங்காரம் எனக்குப் பழக்கமானது.

யாழ்ப்பாணத்தில் நான் சிறுமியாக இருந்தபோது, இதே குழுவின் கசெட்டை மாமா ஜெர்மனியிலிருந்து அனுப்பியிருந்தார். அண்ணன் அதைப் பொத்திப் பொத்தி வைத்திருந்தான். ஒருநாள் அப்பா அதன் நாடாவை முழுவதும் உருவி அவன் கையிலேயே கொடுத்தார்.

"குருவி கலைக்க நல்ல சாமான். நீயே பந்தலிலை கட்டு."

அவன் அழுதபடி கட்டினான். பழம் பறித்து முடியும்வரை அது காற்றில் இரைந்தது.

"பாட்டுக் கேக்குதோடா?" என்று அப்பா மாலைதோறும் சிரிப்பார்.

இன்று அப்பா சக்கர நாற்காலியிலிருந்து, "தம்பி, தலை இடிக்குது, நிப்பாட்டு" என்றார்.

அண்ணன் நாற்காலியை ஒலிபெருக்கியின் முன்னால் தள்ளிச் சக்கரத்தைப் பூட்டினான். சத்தத்தைக் கூட்டினான்.

"பாட்டுக் கேக்குதோ, அப்பா?"

அயலவர்கள் முறைப்பாடு செய்யாதபடி நான் யன்னலைச் சாத்தினேன்.