நடுவில் நீலப்பூ போட்ட சஹன்

என் வீட்டுக்காரர் ஒரு லீவில் துபாயிலிருந்து கொண்டுவந்த பீங்கான் தட்டுகளை மூன்று வருடமாகக் கண்ணாடி அலமாரியில் பூட்டி வைத்திருந்தேன். பொன்விளிம்பு, ரோஜாப்பூ, மொத்தம் பன்னிரண்டு தட்டு. வருகிறவர்கள் பார்க்கத்தான், சாப்பிட அல்ல. யாராவது கை வைத்தால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

பழைய சஹன் அடுப்படியில் கிடந்தது. எங்கள் காயல்பட்டினத்தில் விருந்து என்றால் இரண்டு பேருக்கு ஒரு சஹன். அந்தப் பெரிய பீங்கான் தட்டில் எதிரெதிரே உட்கார்ந்து ஒன்றாகக் கைபோட்டுச் சாப்பிடுவார்கள். எங்கள் நிக்காஹ் அன்று இவரும் இவருடைய காக்காவும், அதாவது அண்ணனும், சாப்பிட்டது இதில்தான். நடுவில் நீலப்பூ, ஓரத்தில் ஒரு சில்லு போயிருக்கும். நான் அதில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன்.

அந்த அண்ணனுக்கும் தம்பிக்கும் இரண்டு வருடமாகப் பேச்சில்லை. இவர் துபாயில் இருந்தபோது, ஒரு வார்த்தை கேட்காமல் காக்கா தங்கைக்கு மாப்பிள்ளை முடித்துவிட்டார். அவ்வளவுதான். இந்த லீவுக்கு வந்தும் இரண்டும் முறுக்கிக்கொண்டு, ஒரே பள்ளிவாசலுக்குள் வேறு வேறு வாசல் வழியாகப் போயின. இரண்டையும் நிற்கவைத்து நாலு கேட்கலாமா என்றிருக்கும் எனக்கு.

ஒரு வியாழக்கிழமை இரவு, மறுநாள் ஜும்ஆ தொழுகை முடிந்து சாப்பிட வருவதாகக் காக்காவே சொல்லி அனுப்பினார்.

"வந்தா வரட்டும்," என்றார் இவர். ஆனால் விடிந்ததும் கறிக்கடைக்கு இவரேதான் போய்வந்தார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. நெய்ச்சோறு, விருந்துக்கென்றே வைக்கும் களரிக்கறி எல்லாம் ஆக்கி, அலமாரியைத் திறந்து, பாயில் எதிரெதிரே இரண்டு ரோஜாத் தட்டுகளை வைத்தேன். பிறகு திரைக்குப் பின்னால் நின்றுகொண்டேன். மச்சான்மார் முன்னால் நாங்கள் வருவதில்லை.

காக்கா உட்கார்ந்தார். தட்டைப் பார்த்தார். முகம் சுண்டிவிட்டது.

"தனித்தட்டா? என்கூட ஒரு சஹன்ல கைபோட உனக்குப் பிடிக்கல. அதைச் சொல்லியிருக்கலாம்லே," என்று எழுந்துவிட்டார்.

இவர் வாயைத் திறக்க வேண்டுமே! தட்டு வைத்தது நான், இவருக்கு ஒன்றும் தெரியாது. அதைச் சொல்லக்கூட ரோஷம் விடவில்லை. பாவி, பவிசு காட்டப்போய்க் குடியைக் கெடுத்தேனே!

"பெரிய மச்சான், செருப்பைப் போடாதீங்க!" திரைக்குள்ளிருந்து கத்தினேன். "தட்டு என் கிறுக்குத்தனம். அவங்களுக்குத் தெரியவே தெரியாது. அல்லாவுக்காக உக்காருங்க."

அடுப்படிக்கு ஓடி, சஹனில் கிடந்த கீரையைத் தரையில் கொட்டி, சஹனைக் கழுவி, சோறும் கறியும் போட்டுத் திரைக்கு வெளியே நீட்டினேன். இவர் எழுந்துவந்து வாங்கினார்.

காக்கா திரும்ப உட்கார்ந்தார். அவரவர் பக்கத்துச் சோற்றை அவரவர் தின்றார்கள். சஹனில் உண்ணும்போது நல்ல கறித்துண்டை எதிரே இருப்பவர் பக்கம் நகர்த்திவிடுவது எங்கள் வழக்கம். காக்கா ஒரு துண்டை நகர்த்தினார். இவர் திருப்பி நகர்த்தினார். அவர் மறுபடியும். சோறு குறைந்து நீலப்பூ தெரிந்தபோது, அந்தத் துண்டு மட்டும் அதன்மேல் கிடந்தது.

"காக்கா, நீங்க தின்னுங்க," என்றார் இவர்.

இரண்டு வருடத்தில் இவர் காக்காவிடம் பேசிய முதல் பேச்சு. நான் திரையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன்.

காக்கா துண்டை இரண்டாகப் பிய்த்தார். அப்போதும் பெரிய பாதியை இவர் பக்கம்தான் தள்ளினார்.