கோமதி அக்கா சொன்ன அத்தியாயம்

கோமதி அக்கா நேற்று மதியம் இறந்துவிட்டார். ஹார்ட் அட்டாக்... ஐம்பத்திரண்டு வயதுதான்.

தென்காசி பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு டிடிபி கடையில் டைப் செய்துகொண்டிருந்தவர். சுரண்டையிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போவார். கல்யாணப் பத்திரிகை, கோயில் கொடை நோட்டீஸ், வீட்டுப் பத்திரம்... எதைக் கொடுத்தாலும் ஒரு தப்பு இருக்காது.

என் 'நீர்ச்சிறை' நாவலையும் அவர்தான் டைப் செய்தார். என் கிறுக்கல் கையெழுத்தில் எட்டு நோட்டு!

இதை அஞ்சலி என்று சொல்லவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது. முழுதும் படித்துவிட்டு என்ன திட்டினாலும் சரி.

நாவல் படிக்காதவர்களுக்காக... பாண்டியர் காலத்துக் கதை. ஒரு முனிவரின் சாபத்தால் குற்றால அருவிக்குள் முந்நூறு வருஷம் கட்டுண்டு நிற்கிறாள் ஒரு யட்சி. அவளை விடுவித்தால் போரில் துணைக்கு வருவாள் என்று படையோடு வருகிறான் ஓர் இளவரசன்.

நான் நோட்டில் எழுதியிருந்தபடி, சாபம் தீர்ந்த அடுத்த வரியிலேயே அவள் அவனுடைய தேரில் ஏறிவிடுவாள்.

அந்தப் பக்கத்தை டைப் செய்த அன்று நான் கடைக்குப் போனேன். அக்கா கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டுக் கேட்டார்.

"ஏன் தம்பி, சாபம் போயிட்டுல்லா? பெறவு எதுக்கு ஒடனே அவன் பின்னால ஓடுதா?"

"போர் இருக்கே அக்கா."

"இருக்கட்டும். முந்நூறு வருசமா தண்ணிக்குள்ளயே நிக்கா. மொதல்ல வெயில்ல ஒரு பாறை மேல உக்காந்து தலையைக் காய வைக்கட்டும். ராசா காத்துக் கெடக்கட்டும்."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"நான் காலையில அஞ்சு மணிக்கு ஈரத் தலையை முடிஞ்சிக்கிட்டு அடுப்படிக்குப் போறேன். பெறவு பஸ்ஸு, பெறவு கடை. சாயந்தரம் வீட்டுல போயி அவுத்தா உள்ள இன்னும் ஈரமாத்தான் இருக்கு... அவளாவது காய வைக்கட்டும் தம்பி."

அன்றே உட்கார்ந்து அந்த அத்தியாயத்தை எழுதினேன். படை முழுக்க மலையடிவாரத்தில் நிற்கிறது. இளவரசன் மூன்று முறை தூதனை அனுப்புகிறான். அவள் திரும்பியே பார்க்காமல் வெயிலில் தலையை உலர்த்திக்கொண்டிருக்கிறாள்.

புத்தகம் வந்த பிறகு நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். வந்த மெசேஜ்களில் பாதி அந்த ஒரு அத்தியாயத்தைப் பற்றித்தான்.

ஒரு வாசகி அதைத் தன் மாமியாருக்கு வாசித்துக் காட்டினாராம். மாமியார் எழுந்து போய், கொண்டையை அவிழ்த்துவிட்டு வாசல் வெயிலில் உட்கார்ந்துவிட்டாராம்.

ராயகிரிக்காரர் ஒருவர், ராணுவத்தில் இருப்பவர், போன் செய்தார். "சண்டை சீனெல்லாம் சுமார்தான் சார். ஆனா படையே அவளுக்காக நிக்குது பாருங்க... அங்கன மட்டும் நாலு தடவை படிச்சேன்."

பாண்டியர் காலத்தில் எப்படி மிளகாய் வந்தது என்று என்னைக் கிழித்துத் தொங்கவிட்ட ஒரு விமர்சகர்கூட அந்த அத்தியாயத்தை மட்டும் விட்டுவிட்டார்.

"ஒரு பொண்ணோட மனசு உங்களுக்கு எப்படி சார் தெரிஞ்சுது?" என்று எத்தனையோ பேர் கேட்டார்கள். எல்லாருக்கும் ஒரு ஹார்ட் போட்டேன்... அவ்வளவுதான்.

நன்றியுரையில் பதினோரு பேர் இருக்கிறார்கள். நாவலை இன்றுவரை படிக்காத ஒரு பேராசிரியர்கூட இருக்கிறார். கோமதி அக்கா இல்லை.

மறந்துவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். அதை எழுதும்போது ஞாபகம் இருந்தது.

ஒரு காப்பி கொண்டுபோய்க் கொடுத்தேன். அக்கா நேரே நன்றியுரைப் பக்கத்தைத்தான் திறந்தார். விரலை வைத்து மேலிருந்து கீழே வரை படித்தார். புத்தகத்தை மூடினார்.

"அட்டை நல்லா வந்திருக்கு தம்பி" என்றார்.

போன வருஷம் சீசன் சமயத்தில் குற்றாலத்தில் ஒரு வாசகர் கூட்டம். வெளியே சாரல்... மண்டபம் நிறைய ஆட்கள். ஒருவர் எழுந்து, அந்தக் காட்சி எப்படித் தோன்றியது என்று கேட்டார்.

"ஐந்தருவியில குளிச்சிட்டு நிக்கும்போது தானா வந்துச்சு" என்றேன்.

கைதட்டினார்கள். அப்போதுதான் பார்த்தேன். மூன்றாவது வரிசையில், மடியில் டிபன் பையோடு கோமதி அக்கா. அவரும் தட்டினார்.

கூட்டம் முடிந்ததும் பக்கத்தில் வந்தார். "நல்லா பேசுனிய தம்பி. சுரண்டை பஸ்ஸுக்கு நேரமாச்சு, வாரேன்."

அதன்பிறகு நான் அந்தக் கடைப் பக்கமே போகவில்லை. ஒரு பக்கம் பிரிண்ட் எடுப்பதென்றாலும் சுற்றிக்கொண்டு வேறு கடைக்குப் போனேன்.

இன்று காலை சுரண்டைக்குப் போயிருந்தேன். நர்சிங் படிக்கும் அவருடைய மகள் என்னை அடையாளம் கண்டு எழுந்து வந்தாள். அழுது அழுது குரலே இல்லை.

"அந்த நாவல் எழுதுன சார்தானே நீங்க? அதுல தலை காய வைக்கிற எடத்தை நான்தான் சொன்னேன்னு அம்மா சொல்லிக்கிட்டே இருப்பா. நானும் அப்பாவும் கேலி பண்ணுவோம்... 'ஆமா, நீதான் பெரிய எழுத்தாளரு'ன்னு. நெசமாவே அம்மா சொன்னதா சார்?"

துக்கத்துக்கு வந்திருந்த என் வாசகர்கள் இரண்டு பேர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்கள்.

"அம்மா ரொம்ப நல்லா டைப் பண்ணுவாங்கம்மா" என்றேன்.

அவள் தலையை ஆட்டிக்கொண்டு அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டாள்.

தென்காசி வந்து சேரும் வரை பஸ்ஸில் என்னால் தலை நிமிர்ந்து உட்கார முடியவில்லை.

நெசம்தாம்மா. உங்க அம்மா சொன்னதுதான். நான் எழுதிக்கொண்டேன், அவ்வளவுதான். நாளைக்கு வீட்டுக்கு வந்து உன்னிடமும் அப்பாவிடமும் நேரில் சொல்கிறேன். உள்ளே விடுவதும் விடாததும் உங்கள் இஷ்டம்.

அக்கா... உங்கள் காதில் விழுகிற காலத்தில் இதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

கும்பிடுகிறேன் அக்கா.